நாலு விரல் சாய்வு

பழங்கட்டடப் பேணல் துறை என்று ஒன்று உலகத்தில் இருப்பது கொத்தனாருக்கு நாற்பத்தாறு வயதுவரை தெரியாது. தெரியாமலே போயிருந்தால் அவர் பாட்டுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டு, சாயங்காலம் கை கால் கழுவிக்கொண்டு, நிம்மதியாக வாழ்ந்து முடித்திருப்பார். அவருடைய கெட்ட நேரம், ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கதவு நிலையைச் சுற்றிச் சாந்து உதிர ஆரம்பித்தது. "வந்து ஒரு கை பூசிக் குடுங்கண்ணே" என்று டீச்சர் கூப்பிட்டார். போனார்.

ஒரே அறை, ஒரே டீச்சர், ஐந்து வகுப்பு, நாற்பத்தொரு பிள்ளைகள். கட்டடம் பள்ளிக்கூடமாகப் பிறந்ததல்ல. முதலில் தானியக் கிடங்கு. பிறகு வரி வசூலிக்க வந்த எவனோ ஓர் அதிகாரி தன் குதிரைகளை அதில் கட்டினான். குதிரை தலையை நீட்டுகிற உயரத்தில் ஜன்னல் வைத்தது அந்தக் காலத்தில்தான். அதனால் பிள்ளைகளுக்கு வெளியே வானம் மட்டும்தான் தெரியும். கணக்குப் பாடத்துக்கு அது நல்லது என்று டீச்சர் சொல்வார். குதிரைகள் போன பிறகு பிள்ளைகள் வந்தார்கள். சுண்ணாம்புச் சுவர்கள் இரண்டரை அடி கனம். மூன்று பக்கம் இருநூறு வருடமாக இம்மி அசையாமல் நிற்கின்றன.

நான்காவது பக்கம்தான் விவகாரம்.

நிலையைப் பூசி முடித்து நிமிர்ந்த கொத்தனாரின் கண் வடக்குச் சுவர்மேல் போயிற்று. பெஞ்சு மேல் பெஞ்சு போட்டு ஏறி, பையிலிருந்த தூக்குக்குண்டை எடுத்து, சுவரின் உச்சியிலிருந்து நூலைத் தொங்கவிட்டார். கீழே இறங்கிப் பார்த்தால் குண்டுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் தாராளமாக நுழைந்தது. சுவர் அறைக்குள்ளே சாய்ந்துகொண்டிருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன் அந்த இடைவெளி ஒரு விரல்தான் இருந்தது. அது அவருக்கு நிச்சயமாகத் தெரியும். கட்டியவரே அவர்தான்.

பழைய வடக்குச் சுவர் ஒரு புயலில் விழுந்தது. விடுமுறை நாள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏழாம் நாள் கல்வி அதிகாரி பார்வையிட வருகிறார், அதற்குள் சுவர் நிற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அடித்தளத்துக்கு வானம் தோண்ட நேரமில்லை. இடிபாட்டை மட்டம் தட்டி அதன் மேலேயே கட்டினார். பக்கத்துச் சுவர்களோடு கல்லைக் கோக்கவில்லை. ஆறாம் நாள் மத்தியானம் மனைவிக்கு வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்தது. கடைசி இரண்டு வரிசையை அவர் ஒரு காலைச் சாரத்திலும் ஒரு காலை ஆஸ்பத்திரியிலும் வைத்துக் கட்டினார் என்றுதான் சொல்ல வேண்டும். அவசரத்தில் தன் சாந்துக்கரண்டியைச் சுவருக்குள்ளேயே வைத்துப் பூசிவிட்டார். அன்று சாயங்காலம் மகள் பிறந்தாள்.

அந்த மகள் இப்போது நான்காம் வகுப்பு. நான்காம் வகுப்புப் பெஞ்சுகள் வடக்குச் சுவரை ஒட்டிப் போடப்பட்டிருந்தன. அதில் இரண்டாவது பெஞ்சின் கோடியில் அவளுடைய பை தொங்கிக்கொண்டிருந்தது. கொத்தனார் நூலைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு டீச்சரிடம் போனார்.

"டீச்சர், மழைக்கு முன்னாடி இந்தச் சுவரை இறக்கிடணும். கூலி வேணாம், கல்லு சாந்தெல்லாம் என் பொறுப்பு. இது என் தப்பு. பத்தே நாள் குடுங்க."

"எனக்கென்னண்ணே, இப்பவே இறக்குங்க. ஆனா மேலே ஒரு வார்த்தை எழுதிக் கேக்காம செஞ்சா என் வேலை போயிடும்" என்றார் டீச்சர்.

கேட்டதுதான் தப்பு. நூறு வயது தாண்டிய கட்டடத்தில் ஆணி அடிப்பதற்கும் எங்களுக்கு அதிகாரமில்லை என்று கல்வி அலுவலகம் கடிதத்தைப் பேணல் துறைக்குத் தள்ளிவிட்டது. மூன்று வாரம் கழித்து ஒரு ஜீப் வந்தது. பெஞ்சுகளை மட்டுமாவது தள்ளிப் போடலாமென்றால், மற்ற மூன்று பக்கமும் மற்ற நான்கு வகுப்பும் அடைந்து கிடந்தன.

ஜீப்பிலிருந்து நிபுணர் இறங்கினார். கூட ஓர் எழுத்தர், கூட நாற்காலி தூக்க இருவர். நிபுணர் மூன்று நல்ல சுவர்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேராக வடக்குச் சுவருக்கு எதிரே, எதிர்க்கோடியில் நாற்காலியைப் போடச் சொல்லி உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடினார். தலையை இடது தோளில் சாய்த்தார். பிறகு வலது தோளில் சாய்த்தார். கால் மணி நேரம் அப்படியே இருந்தார். அவருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டதோ என்று டீச்சர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

"ஆகா" என்றார் நிபுணர். "மத்த மூணு சுவரும் சும்மா நிக்குது. நிக்கிறதுல என்ன இருக்கு? எந்தச் சுவரும் நிக்கும். இது வணங்குது! கல்வியைப் பார்த்துத் தலை குனிஞ்சு வணங்குது! இந்தப் பணிவுச் சாய்வைக் கட்டினவன் சாதாரண ஆள் இல்லை. அவனோட மனசு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சா எனக்கு உடம்பெல்லாம் சிலிர்க்குது."

"ஆஸ்பத்திரியில இருந்துதுங்க" என்றார் கொத்தனார்.

"யார் இவர்?"

"கட்டினது நான்தாங்கய்யா. அவசரத்துல தப்பாக் கட்டிட்டேன். இந்தாங்க, குண்டு போட்டுப் பாருங்க." தூக்குக்குண்டை நீட்டினார்.

நிபுணர் பாம்பைக் கண்டதுபோலக் காலைத் தூக்கிக்கொண்டார். "அங்கீகாரம் இல்லாத கருவியை உள்ளே கொண்டுவர யார் அனுமதிச்சது? தொன்மையைக் கருவியால அளக்கக் கூடாது. கண்ணால உணரணும். நான் முப்பது வருஷமா ஒரு கட்டடத்தைக்கூட அளந்தது கிடையாது."

இதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். எழுத்தரும் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

கட்டியவர் தானே என்று சொல்லிக்கொள்கிறவர் ஏழாம் எண் படிவத்தில் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். கொத்தனார் ஒரு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு துறை அலுவலகத்துக்குப் போனார். புத்தம் புதுக் கட்டடம், ஐந்து மாடி, கண்ணாடிச் சுவர், எல்லாம் நூல் பிடித்தாற்போல நேர். படிவத்தில் முதல் கேள்வி, கட்டியவர் பெயர். எழுதினார். இரண்டாவது கேள்வி, கட்டியவர் இறந்த ஆண்டு. பேனாவை வைத்துக்கொண்டு முழித்தார்.

"நான் இன்னும் சாகலைங்களே" என்றார் எழுத்தரிடம்.

"ஏதாவது ஒரு வருஷம் போடுங்க. காலியா விட்டா கம்ப்யூட்டர் வாங்காது."

"உயிரோட இருக்கிறவங்களுக்கு வேற படிவம் இல்லையா?"

"உயிரோட இருக்கிறவன் கட்டினது எப்படிங்க பழங்கட்டடம் ஆகும்?" எழுத்தர் நல்ல மனிதர், இவ்வளவு தெரியாதவராக இருக்கிறாரே என்று வருத்தப்பட்டுத்தான் கேட்டார்.

கொத்தனார் சளைக்கவில்லை. சுவருக்கும் என் மகளுக்கும் ஒரே வயது, இதோ அவளுடைய பிறப்புச் சான்றிதழ், வேண்டுமானால் சுவரைத் திறந்து பாருங்கள், உள்ளே என் கரண்டி இருக்கும் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். பதினெட்டு நாளில் பதில் வந்தது. துறைக் கணிப்பின்படி மேற்படி சுவரின் வயது இருநூற்றுப் பத்து. சுவரும் தங்கள் மகளும் ஒரே நாளில் தோன்றியதாகத் தாங்களே ஒப்புக்கொண்டிருப்பதால், மகளின் வயது குறித்து ஐயம் எழுகிறது. இருநூற்றுப் பத்து வயதுள்ளவர் நான்காம் வகுப்பில் தொடரலாமா என்று கல்வித் துறையின் கருத்து கோரப்பட்டுள்ளது. கரண்டியைப் பொறுத்தவரை, சுவரைத் திறப்பது தண்டனைக்குரிய குற்றம்.

கொத்தனாரின் மனைவி அந்தக் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள். "பெத்தது நான். என்னை ஒரு வார்த்தை கேட்டானுங்களா?" என்று அடுப்பங்கரைக்குப் போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

இதற்குள் பள்ளிக்கூடத்தில் பலகை மாட்டிவிட்டார்கள். "பணிவுச் சாய்வு. சுமார் 210 ஆண்டுகள். கட்டியவர்: காலத்தால் அறியப்படாத மேதை. தொடாதீர்." வண்டிகளின் அதிர்ச்சி மேதையின் சுவரைத் தாக்காமலிருக்க, எல்லா வண்டியும் முக்கால் மைல் தள்ளி மெயின் ரோட்டிலேயே நிற்க வேண்டும் என்று உத்தரவு. சாய்வின் அழகை மற்ற மூன்று சுவர்களோடு ஒப்பிட்டு ரசிக்க வாராவாரம் பார்வையாளர்கள் வந்தார்கள். சுவரோடு பிள்ளைகளும் இருந்தால்தான் காட்சி உயிரோட்டமாக இருக்கும் என்று, நான்காம் வகுப்பு அதன் இடத்திலேயே உட்கார வேண்டும் என்று இன்னோர் உத்தரவு. டீச்சர் தினமும் காலையில் அந்தப் பெஞ்சுகளை ஒரு சாண் முன்னால் இழுத்துப் போடுவார். சாயங்காலம் துறைக் காவலாளி தூரத்தில் நின்று ஒரு நீளக் கழியால் ஒரு சாண் பின்னால் தள்ளிவிடுவான்.

மழைக்கு மூன்று வாரம் இருந்தது. முதல் மேகம் கறுத்த அன்று கொத்தனார் பள்ளிக்கூடத்துக்குப் போனார். நிபுணர் வழக்கம்போல எதிர்க்கோடியில் நாற்காலியில் இருந்தார். அவருடைய நாற்காலிக்கு முன்னால் தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தது. அந்தக் கோடு இத்தனை நாள் கொத்தனார் கண்ணில் படவில்லை.

"இது என்னங்கய்யா கோடு?"

"பன்னிரண்டு அடி. துறை ஊழியர் யாரும் இந்தக் கோட்டைத் தாண்டி அந்தச் சுவர்கிட்டே போகக் கூடாது."

"ஏன்?"

"பாதுகாப்புக்குத்தான். சுவரோட உயரம் பதினோரு அடி. ஒருவேளை விழுந்தா பதினோரு அடிவரைக்கும் வரும். ஒரு அடி கூடுதலா வச்சிருக்கோம். எங்க ஆளுங்க உயிரு எங்களுக்கு முக்கியம் இல்லையா?"

கொத்தனார் கோட்டைப் பார்த்தார். கோட்டுக்கு அந்தப்பக்கம் எட்டுப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மகள் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி நின்றாள்.

"அப்போ விழும்னு உங்களுக்குத் தெரியும்."

"நான் எங்கே விழும்னு சொன்னேன்? விழுந்தா என்கிறேன்."

"பிள்ளைங்க?"

"பிள்ளைங்க எங்க துறை ஊழியர் இல்லையேப்பா" என்றார் நிபுணர், சிறு குழந்தைக்குச் சொல்வதுபோல. "அவங்க கல்வித் துறை. அந்தத் துறைக்குத் தனியா எழுதிக் கேளு. நாங்க சுவருக்கு மட்டும்தான் பொறுப்பு."

கொத்தனாருக்கு அதுவரை இவர்கள்மேல் ஒரு மரியாதை இருந்தது. படித்தவர்கள், ஏதோ தெரியாமல் பேசுகிறார்கள், எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்து அலைந்துகொண்டிருந்தார். அந்த நினைப்பு அந்தச் சுண்ணாம்புக் கோட்டில் முடிந்துபோனது. இவர்களுக்குப் புரிய வைக்க ஒன்றுமே பாக்கியில்லை. எல்லாம் புரிந்து, அடிக்கணக்குப் போட்டு, தள்ளித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவருக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே அந்த நாற்காலியை உதைத்திருக்கலாம். உதைக்கவில்லை. டீச்சரைப் பார்த்தார்.

டீச்சரும் பார்த்தார். "நாளைக்கு சனிக்கிழமை" என்றார் மெதுவாக. "காவலாளி மத்தியானம்தான் வருவான். நான் இப்பல்லாம் ரொம்ப மறதிண்ணே. சாவியைக் கதவுலேயே விட்டுட்டுப் போயிடறேன்."

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு, பட்டப்பகலில், கொத்தனார் வெளியே நின்று வடக்குச் சுவரின் மூலையில் கடப்பாரையைக் கொடுத்து ஒரே ஒரு நெம்பு நெம்பினார். ஒரு நாள் வேலை என்று நினைத்து மதியச் சாப்பாடுகூடக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சுவர் முழுசாக, ஒரு சத்தமும் முன்கூட்டிக் கொடுக்காமல், உள்ளே படுத்துவிட்டது. உத்திரங்கள் கிழக்கு மேற்குச் சுவர்கள்மேல் இருந்ததால் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. தூசு அடங்கிய பிறகு உள்ளே போய்ப் பார்த்தார். நான்காம் வகுப்புப் பெஞ்சுகள் விறகாகிக் கிடந்தன. இரண்டாவது பெஞ்சின் கோடிப் பலகை மட்டும் தனியாகத் தெறித்திருந்தது. அதில் மகள் பேனாவால் ஒரு பூனை வரைந்திருந்தாள். கொத்தனார் அந்தப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு இடிபாட்டின்மேல் உட்கார்ந்து அழுதார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் காலடியில் அவருடைய கரண்டி கிடந்தது. பிடியில் டவுன் இரும்புக்கடை முத்திரை அழியாமல் இருந்தது.

விசாரணை ஐந்து மாடிக் கட்டடத்தின் நான்காம் மாடியில் நடந்தது. துறை இயக்குநரே வந்து உட்கார்ந்தார். இருநூற்றுப் பத்து வருடச் சுவரை ஏன் இடித்தாய் என்று கேட்டார்கள். என் சுவர், நான் கட்டினது, இதோ கரண்டி என்று மேசைமேல் வைத்தார் கொத்தனார். நிபுணர் கைக்குட்டையால் கரண்டியை எடுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"மேதை பயன்படுத்தினது" என்றார் குரல் தழுதழுக்க. "சுமார் இருநூற்றுப் பத்து வருஷம்."

"இரும்புக்கடை முத்திரை இருக்குங்களே?"

"அந்தக் கடையோட தொன்மை இத்தனை நாள் நமக்குத் தெரியாமப் போச்சு" என்று எழுத்தரைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

இயக்குநருக்கு வேறு கவலை. இன்னும் பதினாறு நாளில் அந்தச் சுவரை உலகத்துக்கு அர்ப்பணிக்கும் விழா. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. சுவர் விழுந்தது என்று எழுதினால் துறை காக்கத் தவறியது என்றாகும். இடித்தார்கள் என்று எழுதினால் காவலாளி எங்கே போனான் என்றாகும். மூன்று மணி நேரம் யோசித்துத் தீர்ப்பு எழுதினார்கள். சுவர் அழியவில்லை, தற்காலிகமாக இடத்தில் இல்லை. அறியப்படாத மேதையின் பாணியை அறிந்தவராகத் தம்மைக் கருதிக்கொள்ளும் இந்நபர், அதே சுவரை அதே கல்லால் அதே சாய்வோடு பதினைந்து நாளில் மீண்டும் கட்டித் தர வேண்டும். சாய்வு ஒரு விரல் குறைந்தாலும் சிறை.

"அதே நாலு விரலுங்களா?" என்று கேட்டார் கொத்தனார்.

"அதே நாலு விரல்."

"சரிங்க" என்றார். அவர் வாழ்க்கையில் யாரிடமும் இவ்வளவு பணிவாகச் சரி சொன்னதில்லை.

மறுநாளே மூன்றடி ஆழத்துக்கு வானம் தோண்டினார். கருங்கல் போட்டு நிரப்பினார். இரண்டு பக்கமும் பழைய சுவரோடு கல்லுக்குக் கல் கோத்தார். வரிசைக்கு வரிசை தூக்குக்குண்டு. கோட்டுக்கு அந்தப்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எழுத்தர் தினமும் சாயங்காலம் ஒரு தடவை குரல் கொடுப்பார்: "சாய்வு சரியா வருதா?"

"ஜோரா வருதுங்க."

எழுத்தர் எழுதிக்கொள்வார். எழுந்து வந்து ஒரு தடவை பார்த்திருக்கலாம். பன்னிரண்டு அடி விதி தடுத்தது.

விழா நாளன்று வானம் இருட்டிக்கொண்டு இருந்தது. வடக்குச் சுவரின் வெளிப்பக்கம், மைதானத்தில், அளந்து பன்னிரண்டு அடியில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அதற்குத் தள்ளி நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பந்தல் இல்லை, கால் நட்டால் தொன்மை மண்ணில் ஓட்டை விழும் என்று துறையே தடுத்திருந்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் கரண்டி இருந்தது. பிள்ளைகள் உள்ளே, புதுப் பெஞ்சுகளில்.

நிபுணர் ஒலிபெருக்கி முன் நின்று சுவரைப் பார்த்தார். ஒரு கண்ணை மூடினார். தலையை இடது தோளில் சாய்த்தார். "பாருங்க, எப்படி வணங்குது! இந்தச் சாய்வை இந்தக் காலத்து ஆளால கொண்டுவர முடியுமா?" என்றார். இயக்குநர் தலையைச் சாய்த்தார். வந்திருந்த முப்பது பேரும் தலையைச் சாய்த்தார்கள். எல்லோருக்கும் சுவர் சாய்ந்து தெரிந்தது. "இதோ இந்தக் கொத்தனாரைக் கேட்போம். உண்மையைச் சொல்லுப்பா, உன்னால முடியுமா?"

"முடியலைங்கய்யா" என்றார் கொத்தனார். "சாய மாட்டேன்னுட்டுது."

அடக்கமான மனிதர் என்று கை தட்டினார்கள். தட்டி ஓய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. வண்டிகள் முக்கால் மைலில் மெயின் ரோட்டில் நின்றன. ஒதுங்க அந்த வட்டாரத்திலேயே ஒரே ஒரு கூரை, பள்ளிக்கூடம். மைதானத்திலிருந்து அதன் வாசலுக்கு வழி வடக்குச் சுவரை ஒட்டித்தான். டீச்சர் வாசலுக்கு ஓடி வந்து, "ஐயா, எல்லாரும் உள்ளே வாங்க, ஏன் நனையறீங்க?" என்று கத்தினார்.

இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்து ஓட ஒரு காலை எடுத்து வைத்தார். நிபுணர் அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். "சார்! பன்னிரண்டு அடி!"

இயக்குநர் எடுத்து வைத்த காலைத் திரும்ப வைத்துக்கொண்டார். முப்பது பேரும் நின்றார்கள். கோட்டுச் சுண்ணாம்பு கரைந்து ஓடியது. ஆனாலும் அது இருந்த இடம் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. நாற்பத்தொரு பிள்ளைகளும் பெஞ்சுமேல் ஏறி, குதிரை ஜன்னல்கள் வழியாகத் தலையை நீட்டி அவர்களை வேடிக்கை பார்த்தார்கள்.

கொத்தனாருக்கே ஒரு நிமிடம் பாவமாகப் போய்விட்டது. மழையில் இறங்கி நின்றுகொண்டு சொன்னார்: "ஐயா, பயப்படாம வாங்க. சுவரு நேரா இருக்கு. மூணடி தோண்டி, குண்டு போட்டுக் கட்டியிருக்கேன். ஒரு நூல்கூடச் சாயலை."

இயக்குநர் நிபுணரைப் பார்த்தார். நிபுணர் சுவரைப் பார்த்தார். தலையைச் சாய்த்தார், அந்தப் பக்கத்துக் காதிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"சாஞ்சுதான் சார் இருக்கு" என்றார். பிறகு கொத்தனார் பக்கம் திரும்பி, "நேரா இருக்குன்னா வாயால சொல்லக் கூடாது. ஏழாம் எண் படிவத்துல எழுதிக் குடு" என்றார்.

"அது செத்தவங்க படிவம்ங்க" என்றார் கொத்தனார். "நான் இருக்கேன். எம் பொண்ணும் இருக்கா."

உள்ளே போனார். நான்காம் வகுப்பின் இரண்டாவது பெஞ்சில் மகள் நகர்ந்து இடம் விட்டாள். ஈரச் சட்டையோடு உட்கார்ந்து, முதுகைச் சுவரில் நன்றாகச் சாய்த்துக்கொண்டார். மழை ஒன்றேகால் மணி நேரம் பெய்தது. துறை பன்னிரண்டு அடியிலேயே நின்றது.